செருப்பு கழன்றது தெரியவில்லையா?

கால் எரிச்சல், மதமதப்பு, பாதம் மரத்துப்போவது என்று இந்த இதழுக்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டாகவே சேர்ந்துவிட்டன. எல்லாவற்றிலும் 'நரம்புக் கோளாறு' என்ற ஒரே பெயர்தான். நம் பேச்சில் நரம்பு என்பது ஒரே பொருள் இல்லை. ரத்தக்குழாயில் போடுகிற ஊசியை நரம்பு ஊசி என்கிறோம், காலில் புடைத்து நிற்கிற சிரையை நரம்பு சுருட்டல் என்கிறோம், தசைநார் பிசகினாலும் நரம்பு பிசகிவிட்டது என்கிறோம். இந்தப் பக்கத்தில் நான் நரம்பு என்று எழுதுவது, முதுகுத்தண்டில் கிளம்பிக் கால்விரல் நுனி வரை போய், தொட்டதையும் சுட்டதையும் மேலே சொல்லி, 'பாதத்தைத் தூக்கு' என்ற உத்தரவைக் கீழே கொண்டுவருகிற அந்த இழையை மட்டும்தான்.

கேள்வி: எனக்கு வயது 57. 12 வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. மூன்று வருஷம் ராத்திரியானால் இரண்டு பாதமும் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரியும், ஈரத்துணி சுற்றிக்கொண்டுதான் படுப்பேன். ஆறு மாதமாக எரிச்சல் தானாகவே நின்றுவிட்டது. ஆனால் நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தால் தெரிவதில்லை, கூட வருகிறவர்கள் சொல்லித்தான் திரும்பிப் பார்க்கிறேன். எரிச்சல் நின்றதால் நரம்பு சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? (வாசகி, மன்னார்குடி)

பதில்: எடுத்துக்கொள்ளக் கூடாது அம்மா. வந்த கடிதங்களிலேயே என்னை அதிகம் கவலைப்பட வைத்தது உங்கள் கடிதம்தான், அதனால்தான் அதை முதலில் எடுத்தேன்.

உடம்பிலேயே நீளமான நரம்புகள் கால்விரலுக்குப் போகிறவை. ஒவ்வொரு இழையும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர், அதற்கு உயிர் கொடுக்கிற செல் இருப்பதோ முதுகுத்தண்டுப் பக்கம். கடைமடை வயலுக்குத் தண்ணீர் போவது எவ்வளவு சிரமம் என்று உங்கள் ஊரில் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, இதுவும் அதே கதைதான். ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் கூடுதலாகவே இருந்தால் இழையும் கெடுகிறது, இழைக்கு ரத்தம் கொடுக்கிற நுண்ணிய குழாய்களும் கெடுகின்றன, முதல் அடி கடைமடைக்கு விழுகிறது. அதனால்தான் இரண்டு காலிலும் ஒரே மாதிரி விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறும். முழங்கால் கிட்டே வருகிற நேரத்தில் கைவிரல் நுனியிலும் ஆரம்பிக்கும்.

எரிச்சல் என்பது வலியையும் சூட்டையும் சொல்கிற மெல்லிய இழைகள் அடிபட்டுக் கத்துவது. அவை அடியோடு செத்துப்போனால் கத்த ஆள் இல்லை. மருந்தில் எரிச்சல் குறைந்து, தொட்டால் உணர்வும் நன்றாக இருந்தால் அது வேறு விஷயம், ஆனால் எரிச்சல் தானாக நின்று அந்த இடத்தில் மரத்துப்போவது வந்தால் நோய் அடுத்த படிக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். இந்த மாதிரி வருகிறவர்கள் பாதிப் பேர் சந்தோஷமாகத்தான் வந்து உட்காருகிறார்கள். ஒரு பெரியவர், அவரும் அப்படித்தான், 'இப்ப ஒரு தொந்தரவும் இல்ல டாக்டர்' என்றார். செருப்பைக் கழற்றச் சொல்லித் திருப்பிப் பார்த்தேன், இடது செருப்பின் அடியில் ஒரு ஷூ ஆணி தலை மட்டும் பளபளவென்று தேய்ந்து தெரிந்தது. அந்தத் தலை தேய்வதற்கு எத்தனை நாள் நடந்திருக்க வேண்டும்! உள்ளே பாதத்தில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குப் புண், அதைச் சுற்றி வெள்ளையாகத் தோல் தடித்திருந்தது. நான் கையால் அமுக்கியபோதும் அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர காலை இழுக்கவில்லை.

மரத்த கால் எப்படிக் கெடுகிறது என்பதை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டிய வேலை நம் வேலூரில் நடந்தது. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் அழுகித் தானாக விழுகின்றன என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அப்படி இல்லை, வலி தெரியாததால் பட்ட இடத்திலேயே படுகிற சின்னச் சின்னக் காயங்கள்தான் காலைத் தின்கின்றன என்று அவரும் கூட இருந்தவர்களும் நோயாளிகளைப் பக்கத்தில் இருந்து கவனித்துக் கண்டுபிடித்தார்கள். அப்படி மரத்த கால்களுக்காகப் பழக்கத்துக்கு வந்ததுதான் எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு. இன்றைக்குச் சர்க்கரை மருத்துவமனை வாசலில் விற்கிற அந்த மெத்தென்ற செருப்புக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் ஒரு மருத்துவரிடம் போய், கண்ணை மூடச்சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கிற பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். ஐந்து நிமிஷ வேலை, இயந்திரம் எதுவும் வேண்டாம். இழை வளைகிற அளவுக்கு அழுத்தியும் தெரியவில்லை என்றால் அந்தப் பாதத்துக்குக் காவல் போய்விட்டது, இனிமேல் உங்கள் கண்தான் காவல். தினமும் படுக்கும் முன் இரண்டு உள்ளங்காலையும் பாருங்கள், குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்துப் பாருங்கள், விரலிடுக்கையும் விடக் கூடாது. செருப்புக்குள் கையை விட்டுத் தடவிவிட்டுத்தான் காலை நுழைக்க வேண்டும். விரலிடுக்கில் மாட்டுகிற ரப்பர் செருப்பு உங்களுக்கு ஆகாது, பின்பக்கம் வார் உள்ளதாக வாங்குங்கள், வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்ளுங்கள். வெந்நீரைக் காலால் பதம் பார்க்காதீர்கள், முழங்கையால் பாருங்கள். ஒத்தடம் வேண்டவே வேண்டாம், காலாணியைப் பிளேடால் சீவவும் கூடாது. ஒரு பாதம் மட்டும் திடீரென்று வீங்கிச் சிவந்து சூடாக இருக்கிறது, ஆனால் வலியில்லை என்றால், அந்தக் காலை ஊன்றாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள் அம்மா. சர்க்கரைக்கு இத்தனை வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிட்டிருப்பீர்கள். அது நாள்பட பி12 வைட்டமினைக் குறைக்கும். சர்க்கரைக்காரருக்குக் கால் மரத்தால் சர்க்கரைதான் காரணம் என்று எழுதிவிட்டு மேலே போய்விடுகிறோம், பி12, தைராய்டு, சிறுநீரகம் மூன்றையும் பார்த்துவிட்டு அப்படி எழுதுவதுதான் சரி.

கேள்வி: வயது 34, பள்ளி ஆசிரியை, சுத்த சைவம், காபியைத் தவிரப் பாலும் பிடிக்காது. சர்க்கரை இல்லை. ஒரு வருஷமாக இரண்டு பாதமும் மதமதவென்று இருக்கிறது, பஞ்சு மேல் நடக்கிற மாதிரி. மெடிக்கலில் 'நரம்பு மாத்திரை' கேட்டு வாங்கி விடாமல் சாப்பிடுகிறேன். குணமில்லை. வலுவான மாத்திரை எதையாவது சொல்லுங்கள். (வாசகி, மயிலாப்பூர்)

பதில்: சகோதரி, மாத்திரையைச் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி. காலையில் வாஷ்பேசினில் முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போது தள்ளாடுகிறதா? கரண்ட் போன நேரத்தில் இருட்டில் நடக்கச் சுவரைப் பிடிக்கிறீர்களா? ஆமாம் என்றால் கோளாறு கால் நரம்போடு நிற்கவில்லை, முதுகுத்தண்டுக்குள்ளும் போயிருக்கிறது, அதற்கு முதலில் நினைக்க வேண்டியது பி12 குறைவு.

பி12 செடி கொடியில் கிடைக்காது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி, ஈரல் இவற்றில்தான் இருக்கிறது. இட்லி மாவு புளிப்பதால் கிடைக்கும் என்று சொல்வதை நம்பி இருக்காதீர்கள், தேவைக்கு அது காணாது. கல்லீரலில் இருக்கிற சேமிப்பு சில வருஷம் தாங்கும், அதனால் பழக்கத்தை மாற்றிய உடனே ஒன்றும் தெரியாது, தெரியும்போது சேமிப்பு காலியாகியிருக்கும். சைவம் மட்டுமே காரணமில்லை. வயிற்றில் பி12-ஐ உறிஞ்ச உதவுகிற புரதம் சுரக்காத நோய் ஒன்று உண்டு, வருஷக்கணக்காக அமிலத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் குறையும். ரத்த சோகைக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் ரத்தம் ஊறிவிடும், நரம்பு பாட்டுக்குக் கெட்டுக்கொண்டே போகும், இது பழைய பொறி.

உங்கள் நரம்பு மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். அந்த வகை மாத்திரைகளில் பி6 நிறைய இருக்கும். பி6 குறைந்தாலும் நரம்பு கெடும், காசநோய்க்கு ஐசோநியசிட் கொடுக்கும்போது கூடவே பி6 கொடுப்பது அதற்காகத்தான். ஆனால் அதே பி6 அளவுக்கு மீறி மாதக்கணக்கில் போனால், அதுவே பாதத்தை மரக்கவைக்கும். எதற்காகச் சாப்பிடுகிறோமோ அதையே உண்டாக்குகிற மாத்திரை என்று தெரியாமல் எத்தனையோ பேர் இரண்டாவது அட்டை வாங்குகிறார்கள், எனக்கு இதில் நிஜமான வருத்தம் உண்டு. ஒரு பொது மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பார்த்து, என்ன மாத்திரை, எத்தனை மாதம் என்று அட்டையோடு காட்டுங்கள். ஏற்கனவே பி12 கலந்த மாத்திரை உள்ளே போய்க்கொண்டிருந்தால் ரத்த அளவு சரியாக இருப்பது போலக் காட்டும், அது தெரிந்துதான் அவர் முடிவெடுக்க வேண்டும். பி12 குறைவுதான் என்று உறுதியானால் ஊசியிலேயே நல்ல குணம் தெரியும், எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு திரும்பக் கிடைக்கும்.

கேள்வி: 20 வருஷமாக ஹோட்டலில் சப்ளையர் வேலை. இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருட்டிப் பச்சையாகப் புடைத்திருக்கிறது. இதற்கு நரம்பியல் டாக்டரைப் பார்க்க வேண்டுமா? (வாசகர், திருச்சி)

பதில்: வேண்டாம் ஐயா. உங்களுக்குச் சுருண்டிருப்பது சிரை, அதாவது ரத்தத்தை மேலே கொண்டுபோகிற குழாய். நின்றே வேலை பார்ப்பதால் உள்ளே இருக்கிற வால்வுகள் தளர்ந்து ரத்தம் கீழே தேங்குகிறது. பொது அறுவை மருத்துவரையோ ரத்தநாள அறுவை மருத்துவரையோ பாருங்கள், டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள். கணுக்கால் பக்கம் தோல் கறுத்து அரித்தால் தள்ளிப்போடாதீர்கள், அடுத்தது புண்தான்.

கேள்வி: வயது 29, டைல்ஸ் ஒட்டுகிறேன். போன வாரம் ஒரு வீட்டுக்கு இரவு வரைக்கும் உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டு எழுந்தபோது வலது பாதம் தூக்க வரவில்லை, நடந்தால் விரல் தரையில் இடறுகிறது. வலி துளியும் இல்லை. பக்கவாதம் என்று வீட்டில் அழுகிறார்கள். (வாசகர், திருப்பூர்)

பதில்: தம்பி, வீட்டில் இருக்கிறவர்களுக்கு முதலில் தைரியம் சொல்லுங்கள். கையும் முகமும் பேச்சும் நன்றாக இருந்து, பாதம் மட்டும் தொங்கினால் பக்கவாதமாக இருக்க வாய்ப்புக் குறைவு. முழங்காலுக்கு வெளிப்பக்கம், கொஞ்சம் கீழே, ஒரு எலும்பு உருண்டையாகத் தட்டுப்படும், தொட்டுப் பாருங்கள். பாதத்தைத் தூக்குகிற நரம்பு அந்த எலும்புக் கழுத்தைச் சுற்றி, மேலே தோலைத் தவிரப் பெரிய பாதுகாப்பு இல்லாமல் ஓடுகிறது. குத்தவைத்து மணிக்கணக்கில் உட்கார்ந்தால் அது நசுங்கும். உங்கள் தொழிலில் மட்டுமில்லை, களை எடுக்கிறவர்களுக்கும், கால் மேல் கால் போட்டே உட்காருகிறவர்களுக்கும், மாவுக்கட்டு இறுக்கமாகப் போட்டவர்களுக்கும், டயட் என்று கிடுகிடுவென இளைத்தவர்களுக்கும் வருவது உண்டு, அங்கே இருக்கிற கொஞ்சம் கொழுப்பும் கரைந்துவிடுவதால்.

மருத்துவர் உங்கள் பாதத்தை உள்பக்கமாகத் திருப்பச் சொல்லுவார். அது பலமாக வந்தால் கோளாறு முழங்காலருகே, அதுவும் வராவிட்டால் இடுப்புப் பக்கம் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கிற வட்டைச் (டிஸ்க்) சந்தேகப்பட வேண்டும். நசுங்கியது மட்டும்தான் என்றால் சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் திரும்பிவிடும். இழையே அறுபட்டிருந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கணக்கில்தான் வளரும், பொறுமை வேண்டும். அதுவரை பாதத்தைத் தாங்குகிற பட்டை போட்டுக்கொள்ளுங்கள், வேலைக்குத் திரும்பும்போது சின்னப் பலகையோ மணையோ போட்டு உட்காருங்கள், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள்.

அந்த உருண்டைக்குப் பின்னால் நரம்பு கயிறு மாதிரித் தடித்திருக்கிறதா என்றும் மருத்துவர் தடவிப் பார்க்கட்டும், உடம்பில் உணர்வில்லாத, வெளுத்த தேமல் எங்காவது இருந்தால் வெட்கப்படாமல் காட்டுங்கள். தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், உலகத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். கூட்டு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், முழுதாகக் குணமாகும். செத்த நரம்பைத்தான் திரும்பக் கொண்டுவர முடியாது, அதனால்தான் சீக்கிரம் பார்க்கச் சொல்கிறேன்.

கேள்வி: என் கணவர் லாரி ஓட்டுகிறார், வயது 46. இடது இடுப்பிலிருந்து பின்தொடை வழியாகக் கட்டைவிரல் வரை ஷாக் அடிக்கிற மாதிரி இழுக்கிறது, இருமினால் கூடுகிறது. ஆபரேஷன் செய்தால் கால் போய்விடும் என்கிறார்கள். (வாசகி, நாமக்கல்)

பதில்: ஒரு காலில் மட்டும், இடுப்பிலிருந்து கிளம்பி, இருமினால் கூடுகிறது என்றால் முதுகெலும்பு வட்டு பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் ஆபரேஷன் இல்லாமலே அடங்கும். படுத்த படுக்கையாக இருக்க வேண்டாம், வலிக்கு மாத்திரை எடுத்துக்கொண்டு மெல்ல நடமாடட்டும், வண்டியை மட்டும் கொஞ்ச நாள் விடட்டும். ஆனால் பாதம் தொங்கினாலோ, இரண்டு காலுக்கும் பரவினாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, மலம் ஜலம் போகிற இடம் மரத்தாலோ அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், அப்போது ஆபரேஷன்தான் காலைக் காப்பாற்றும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து போன சில நாளில், ஒருவருக்கு இரண்டு காலும் துவண்டு, பலவீனம் நாளுக்கு நாள் மேலே ஏறினால் அது கில்லன் பாரே நோயாக இருக்கலாம், மூச்சுத் தசைக்கு ஏறுமுன் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று இரவைக் கடத்தாதீர்கள்.

கேள்வி: அப்பா 15 வருஷமாகத் தினமும் குடிக்கிறார். சாப்பாடே இறங்குவதில்லை. இப்போது கால் எரிகிறது, நடை தள்ளாடுகிறது, கெண்டைச்சதை தொட்டாலே வலிக்கிறது. பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும் என்கிறார்கள். (வாசகர், விழுப்புரம்)

பதில்: தம்பி, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் 'அப்பா தினமும் குடிப்பவர், சாப்பிடுவதில்லை' என்று அந்த மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். அவருக்கு முதலில் பி1 ஊசி போக வேண்டும். பி1 வற்றிய உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால், மிச்சம் இருக்கிற பி1-ம் செலவாகி மூளையே பாதிக்கப்படலாம்.

சாராயம் நரம்பை நேராகவும் கெடுக்கிறது, சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, சாப்பிட்டதிலிருந்து பி1 உடம்பில் சேராமலும் தடுக்கிறது. பி1 இல்லாவிட்டால் கால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஆட்களோடு சம்பந்தப்பட்ட சரித்திரமே இருக்கிறது. நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் மலேயாவில் பெரிபெரி என்ற நோயால் தொழிலாளர்கள் கால் மரத்து, வீங்கி, கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். தீட்டின வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு அது அதிகம், அதே ஊரில் புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களுக்கு அநேகமாக இல்லை. அங்கே வேலை பார்த்த பிராடன் என்ற மருத்துவர் 1907-ல் இதை எழுதினார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அதனால் தீட்டினாலும் கொஞ்சம் மிஞ்சும். நம் பாட்டிமார் புழுக்கின நெல் எத்தனை கால்களைக் காப்பாற்றியிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

அப்பா குடியை நிறுத்தினால் கால் ஓரளவு தேறும், மாதக்கணக்கில் ஆகும். ஆனால் தினமும் குடிக்கிறவர் வீட்டில் வைத்து ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்போ பிதற்றலோ வரக்கூடும். மாவட்டத் தலைநகரில் இருக்கிற அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்த்து நிறுத்துங்கள். திட்டிக் கூட்டிப்போகாதீர்கள், 'காலைக் காட்டிவிட்டு வரலாம் வாங்கப்பா' என்று சொல்லிக் கூட்டிப்போங்கள், காலுக்கென்றால் வருவார்.

கேள்வி: வயது 61, சர்க்கரை உண்டு, பாதம் லேசாக மரத்திருக்கிறது. வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழநிக்குப் பாதயாத்திரை போவேன், செருப்புப் போடாமல் நடப்பது வேண்டுதல். இந்த வருஷமும் போகலாமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: ஐயா, உங்கள் வேண்டுதலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், என் வீட்டிலும் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மரத்த பாதத்தோடு வெறுங்காலில் அவ்வளவு தூரம் நடப்பதற்கு மருத்துவனாக என்னால் சரி என்று சொல்ல முடியாது. கொப்புளம் வந்தால் மற்றவர்கள் நொண்டுவார்கள், உட்காருவார்கள், காலைப் பார்ப்பார்கள். உங்களுக்கு அது உடைந்து சீழ் பிடிக்கிற வரை தெரியாது. மதியத்தில் தார் ரோடு சுடுவதும் தெரியாது.

கிளம்பும் முன் அந்த நைலான் இழைப் பரிசோதனையும், காலில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறதா என்று கணுக்கால் நாடியும் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவர் நடக்கலாம் என்றால், சாக்ஸும் பழகின எம்.சி.ஆர். செருப்பும் போட்டு நடங்கள், புதுச் செருப்பு கூடாது. ஒவ்வொரு தங்கலிலும் காலைக் கழுவித் துடைத்து, கூட வருகிற பையன் யாரையாவது டார்ச் அடித்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்கச் சொல்லுங்கள், தோல் சிவந்திருந்தாலே அங்கிருந்து பஸ் ஏறிவிடுங்கள். வெறுங்காலில் நடக்கிற வேண்டுதலை மலையடிவாரம் போன பிறகு, காலை ஆறு மணிக்குள், படி குளிர்ச்சியாக இருக்கும்போது வைத்துக்கொள்ளலாம். இறங்கி வந்ததும் ஒருமுறை காலைப் பாருங்கள்.